உட்கார்ந்து சாப்பிட ஒரு மதியம்

சந்தனம்மாள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மதியச் சோறு போட்டவள். ஆனால் மதியச் சோற்றை மதியத்தில் அவள் சாப்பிட்டதேயில்லை.

தேனியை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் சத்துணவு சமையல்காரி. மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அத்தனை பேருக்கும் அள்ளிப் போட்டு, முட்டை வைத்து, அண்டாவைக் கழுவப் போடுவதற்கு முன்னால் அடியில் கிடப்பதைச் சுரண்டி நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். அப்போது சோறும் ஆறியிருக்கும், பசியும் ஆறியிருக்கும். "ஆக்குறவளுக்கு வாசத்துலயே வயிறு நெறஞ்சிரும்" என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் ஆக்குகிறவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. அன்றைக்கு வீட்டில் கறி எடுப்பார்கள். கறி எடுத்தால் அதை ஆக்க வானத்திலிருந்தா ஆள் வரும்?

கணவர் நல்லகண்ணு கதை நேர் எதிர். பஸ் கண்டக்டராக இருந்தவர். தேனிக்கும் குமுளிக்கும் இடையில் எந்த மெஸ்ஸில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்ற அன்றே, "இனிமே செத்தாலும் ஓட்டல் படியேற மாட்டேன், வீட்டுச் சோறுதான்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எல்லாரும் சந்தனம்மாளைப் பாக்கியசாலி என்றார்கள்.

மகள் சுபாஸ்ரீ மெக்சிகோவில் இருக்கிறாள். மருமகன் கார்த்திக்ராஜுக்கு அங்கே கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமையானால் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். வாயில் நுழையாத பெயருள்ள ஊர்கள். அந்தப் படங்கள் ஞாயிறு காலை சந்தனம்மாள் கண் விழிக்கும்போது போனில் வந்து கிடக்கும். ரோஸ் கலர் தேவாலயம், வெயிலில் நிற்கும் கழுதை, கல்பாவிய தெரு. ஒரு படத்தில், ஓர் அம்மாள் சோள மாவை உள்ளங்கையில் தட்டி மண்சட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மேசையில் சுபா இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள்.

அந்தப் படத்தைத்தான் சந்தனம்மாள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மகளின் முகத்தை அல்ல, அந்தக் கைகளை. ஒரு வேலையும் இல்லாமல், சோறு வரும் என்ற நம்பிக்கையில் சும்மா கிடந்த கைகள்.

"நீயும் அப்பாவும் இந்த மாதிரி கெளம்பிப் போங்களேம்மா" என்றாள் சுபா, ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில். "கம்பம், கூடலூர்னு அம்புட்டு ஊரு இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "இவரை இன்னும் மூணு வருஷம் இங்கயே இருக்கச் சொல்றாகம்மா" என்றாள்.

"நல்லதுதானத்தா. வேலை தெரிஞ்ச புள்ளைய யாரு விடுவா" என்றாள் சந்தனம்மாள். போனை வைத்த பிறகு அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினாள். நல்லகண்ணு சிரித்தார். "வீட்டுல சோத்த வச்சுக்கிட்டு எவனாச்சும் கம்பம் போயி திம்பானா?" மறுநாள் கேட்டபோதும் சிரித்தார். புதன்கிழமை அவள் கேட்கவில்லை. வியாழனும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் அவரை அசைத்தது. "சரி, ஞாயித்துக்கெழம போவோம். ஆனா எடம் நான் சொல்றதுதான். குருசாமி மெஸ்ஸு."

மாசி மாதத்து ஞாயிறு. சந்தனம்மாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் வீட்டைப் பூட்டியது அவளுக்கே திருட்டு வேலை போல இருந்தது. நல்லகண்ணுவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீரபாண்டி தாண்டியதும் பசித்தது. சரியான நேரத்தில் பசிக்கிறது என்பதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

சின்னமனூரில் நிற்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நல்லகண்ணுவால் ஒரு பஸ் ஸ்டாண்டை எட்டிப் பார்க்காமல் தாண்ட முடியாது. எந்த வண்டி தாமதம், யார் டிரைவர் என்று தெரிந்தாகவேண்டும். "ரெண்டு நிமிசம்" என்று ஓரங்கட்டினார். அந்த இரண்டு நிமிஷத்தில், கையில் மீன் பையோடு எதிரே வந்து நின்றாள் பாண்டீஸ்வரி. நல்லகண்ணுவின் உடன்பிறந்த தங்கை. அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"ஏண்ணே! மதினியும் வந்திருக்காக! வீட்டுக்கு வராம இங்கன என்ன சோலி?"

"சும்மா, கம்பம் வரைக்கும்."

"கம்பத்துல யாரு வீட்டுக்கு?"

நல்லகண்ணுவுக்குப் பொய் வராது. "யாரு வீட்டுக்கும் இல்லத்தா. சாப்பிடத்தான்."

"சாப்பிடவா? ஓட்டல்லயா?" பாண்டீஸ்வரி குரல் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டது. "கூடப் பெறந்தவ இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என் வீட்டு வாசலத் தாண்டிப் போயி ஓட்டல்ல திங்கப் போறீகளாக்கும்? கேக்குறவுக என்னயக் காறித் துப்ப மாட்டாக? எங்க வீட்டு உலை என்ன கவுந்தா கெடக்கு?"

"அதுக்கில்லத்தா…"

"பேசப்படாது. வெரா மீனு வாங்கியிருக்கேன். மதினி கை பட்டாத்தான் அது கொழம்பு. நடங்க மதினி."

மதினி கை பட்டாத்தான். அந்தச் சொல்லில் சந்தனம்மாளுக்கு மிச்சமிருந்த நாள் முழுக்கத் தெரிந்துவிட்டது. அரிவாள்மனை, புளிக்கரைசல், எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிறகு சட்டியடியில் ஒரு மீன் வால். அவள் யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது.

"இல்ல பாண்டீஸ்வரி. நான் இன்னைக்கி வெரதம். வெளக்கு வைக்கிற மட்டும் சோறு தொடக்கூடாது. சாப்பாடெல்லாம் அவுகளுக்குத்தான். நான் கோயிலுக்குப் போகணும்."

பாண்டீஸ்வரி அண்ணனைப் பார்த்தாள். நல்லகண்ணு தலையை ஆட்டினார்.

"என்ன வேண்டுதல் மதினி?"

"சுபா ஊரோட வந்து சேந்துறணும்னு."

பாண்டீஸ்வரியின் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. மீன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மதினியின் கையைப் பிடித்தாள். "வந்துருவா மதினி. பெத்தவ வயித்தக் காயப் போட்டுக் கேட்டா, சாமி குடுக்காம எங்கிட்டுப் போகும்?"

உத்தமபாளையம் வரை நல்லகண்ணு சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். "டிக்கெட் எடுக்காதவன் சொல்ற பொய்ய எம்புட்டோ கேட்டிருக்கேன் சந்தனம். இம்புட்டு சுத்தமா ஒருத்தனும் சொன்னதில்ல!" அவளும் சிரித்தாள். இரண்டு பக்கமும் மலை கூடவே வந்தது. தென்னந்தோப்பு முடிந்து திராட்சைப் பந்தல்கள் தொடங்கும்போது அவள் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

கம்பத்தில் குருசாமி வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க கண்டக்டரே! ஓட்டலே வேணாம்னு சத்தியம் பண்ணுன ஆளு, வீட்டுக்காரவுகளையும்ல கூட்டியாந்திருக்கீக. இன்னைக்கிக் கம்பத்துல மழைதான்." சந்தனம்மாள் பழக்கதோஷத்தில் தண்ணீர் டம்ளரை எடுத்து வைக்கப் போனாள். "அட, நீங்க உக்காருங்கக்கா. எல்லாம் வரும்."

உட்கார்ந்தாள். இலை வந்தது. தண்ணீர் தெளித்தாள். சோறு வந்து விழுந்தது, முகத்தில் ஆவி அடித்தது. எலும்புக் குழம்பை ஊற்றி, ஓரத்தில் சுக்காவை வைத்துவிட்டு குருசாமி அடுத்த மேசைக்குப் போனார். உப்பு சரியா என்று அவளை யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவள் ஆசைப்பட்டது அப்படியே, ஒரு குறையும் இல்லாமல், இலையில் இருந்தது. அவள் கை போகவில்லை.

"என்னா?" என்றார் நல்லகண்ணு, சோற்றைப் பிசைய விரலை நீட்டியபடி.

"சொல்லிட்டேனேங்க."

"எதை? பாண்டீஸ்வரிகிட்டயா? அடி கூறுகெட்டவளே, அது பொய்யி!"

"வெரதம்னது பொய்யி. வேண்டுனது பொய்யில்லயே." இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ள பேரச் சொல்லிட்டேன். இப்பத் தின்னுட்டு, நாளப்பின்ன அவ வராமலே போயிட்டா? இந்த ஒரு வாயிதான காரணம்னு கெடந்து அடிச்சுக்குவேன்."

"சாமி என்ன சின்னமனூரு பஸ் ஸ்டாண்டுலயா நின்னுச்சு, காது குடுத்துக் கேக்க?"

"நின்னிருந்தா?"

"நீங்க சாப்பிடுங்க" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"நீங்க எதுக்கு எந்திரிக்கிறீக?"

"பொய் சொன்னது நீ. பக்கத்துல நின்னு தலையாட்டுனது நானு."

குருசாமி ஓடி வந்தார். "ஏன் கண்டக்டரே, கொழம்புல எதுவும் கெடக்கா?"

"கொழம்பு மேல குத்தமில்ல குருசாமி. வெரதம்."

"வெரதக்காரவுக மெஸ்ஸுக்கா வருவீக? இதென்ன கோயிலா?" என்றவர், சந்தனம்மாளின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவள் இலைகளைக் காட்டி, "கை படலண்ணே. சூட்டோட யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பலாம் என்றார் அவர். வேண்டாம் என்றாள். வீட்டுக்குப் போனால் அடுப்பு இருக்கும். கூடலூர் தாண்டி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை போய், கால்வாய் ஓரம் வண்டியை நிறுத்தினார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. குமுளி பஸ்கள் ஏறின, இறங்கின. நல்லகண்ணு ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து, "மூணு வருசம்னாளா?" என்றார்.

சந்தனம்மாள் திடுக்கிட்டாள். "உங்களுக்கு எப்பிடி…"

"நீ போன் பேசும்போது வெளியதான் செருப்புப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீயாச் சொல்லுவன்னு பாத்தேன்."

"நீங்க அவகிட்டக் கேப்பீகன்னு நானும் பாத்தேன்."

"கேட்டா? 'நீ சந்தோசமா இரு'ன்னு சொல்லணும். அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாயி வரல."

வெயில் சாய்ந்து, மலை நிழல் ரோட்டைத் தாண்டி வந்தது. ரோட்டோரம் ஒரு பெண் இட்லிக் கடை போட்டிருந்தாள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள் போல, பேச்சில் மலையாளம் ஒட்டியிருந்தது. அவள் சாமி படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள், கும்பிட்டாள், இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்தாள். சந்தனம்மாள் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தட்டு அவள் மடிக்கே வந்தது, அவருக்கும் ஒன்று. நான்கு இட்லி, மேலே சாம்பார், ஓரத்தில் சட்னி. ஆவி பறந்தது.

"வெளக்கு வச்சாச்சு. சாப்பிடு" என்றார் நல்லகண்ணு. பசியில் அவர் குரல் கம்மியிருந்தது.

"நீங்க சாப்பிடுங்க. நான் இன்னுங்கொஞ்சம் இருக்கேன்."

"இன்னும் என்னத்துக்கு? வெளக்கு மட்டுந்தான சொன்ன?"

"வெளக்கு வரைக்கும் சொன்னதுக்கு வெளக்கு வரைக்கும் இருந்தாச்சு. மூணு வருசத்துக்கு இது பத்துமா?"

அவர் பிட்டு எடுத்த இட்லியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். ரோட்டில் ஒரு பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு மேலே ஏறியது. சந்தனம்மாள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி இருந்தாள். ஆவி மெலிந்துகொண்டே வந்தது.

"சேச்சி, ஆறிப் போகும்" என்றாள் கடைக்காரி.

"ஆறட்டும்த்தா" என்றாள் சந்தனம்மாள்.