நூறாவது சவரம்

வாரின் மேல் ஒரு தரம் போனால் 'டக்', திரும்பி வந்தால் இன்னொரு 'டக்'. காலை ஆறேகாலுக்கு எதிர்வீட்டில் இந்தச் சத்தம் கேட்கவில்லையென்றால் மைக்ரான் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கணவரின் பழைய இடுப்பு வாரை ஜன்னல் கொக்கியில் மாட்டி, மறுமுனையை இடது கையால் இழுத்துப் பிடித்திருப்பார். வலது கையில் தீப்பெட்டி அளவுக்கு, பிளேடைத் தீட்டுகிற ஒரு பித்தளைக் கருவி. அதன் வாயில் சவர பிளேடு. வாரின் முனைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் குட்டிப் பல்சக்கரம் பிளேடைத் தானாகப் புரட்டிப் போடும். கூர் வாரைக் கடிக்காமல் வருடிக்கொண்டே போகும். "நான் செஞ்சது" என்பார், யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும்.

இயந்திரத் தொழிற்சாலையில் உருக்கைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிற பிரிவில் இருபத்திரண்டு வருடம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான அந்த மைக்ரான் அளவை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கதவு இடித்தால், "ரெண்டு மைக்ரான் தள்ளி நிக்குது" என்பார். சக ஊழியர்கள் கேலிக்கு வைத்த பெயர் அது. அவருக்கோ அதில் பெருமை தாங்கவில்லை.

கணவர் பஸ் ஓட்டுநர். அவருடைய தாடை மயிர் கம்பி மாதிரி. முன்பெல்லாம் இரண்டு நாளைக்கு ஒரு பிளேடு தீரும். "இப்ப ஒரே பிளேடுல நூறு சவரம் வரும்!" என்று அக்கா ஒருநாள் அறிவித்தபோது, கொழுந்தனும் அங்கே இருந்தார். அவருக்கு வேலையே கடை கடையாய் ஏறி பிளேடு விற்பது.

"அண்ணி, கதை விடறதுக்கும் ஒரு அளவு வேணும். அண்ணன் நடுவுல நைசா புதுசு மாத்திடுவாரு, பாருங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இரும்பில் கோடு போடும் உருக்குக் கோலை எடுத்துப் புதுப் பிளேடின் நடுவில் ஒரு கோடு கீறினார். "இதான் அடையாளம். நூறு வரலேன்னா, இனி இந்த வீட்ல 'நான் செஞ்சது'ங்கற வார்த்தையே என் வாயில வராது." அந்த வார்த்தை இல்லாமல் அவரால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது, குழாய்த் திருகும் அவர் கடைந்ததுதான். நடுவர் நான். தாடி வைத்தவன் எந்தப் பக்கமும் சாயமாட்டானாம்.

அறுபத்து மூன்றாம் நாள் காலை பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அக்கா கணவர் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, இது யாரு கீறினது?"

முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஓட்டுநர் விழித்தார். "நீதானே..."

"என் கோடு இப்படிக் குடிச்சவன் மாதிரி போகாது."

குட்டு உடைந்தது. முந்தின நாள் அக்கா சீக்கிரமே வேலைக்குப் போய்விட, இவரே பிளேடைக் கருவியில் பொருத்தியிருக்கிறார். பிளேடின் துளைகளில் கருவியின் முளைகள் உட்காரும் முன்பே திருகை இறுக்கிவிட்டார். பிளேடு பட்டென்று ஒடிந்தது. தம்பி வைத்துவிட்டுப் போன பிளேடில் ஒன்றை எடுத்துக் குண்டூசியால் கோடு போட்டிருக்கிறார்.

"விடும்மா, தம்பிக்கு எங்க தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுதே!"

அந்த நிமிடமே கொழுந்தனுக்குப் போன் போட்டார். "தம்பி, அறுபத்தொண்ணுலயே பிளேடு உடைஞ்சு போச்சு. நான் தோத்துட்டேன்." ஓட்டுநர் போனைப் பிடுங்கி, "டேய், உடைச்சது நான்டா!" என்று கத்தினார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கை தப்பா வெச்சா உடையுதுன்னா, தப்பு கையில இல்லீங்க. கருவியில."

அடுத்த ஒரு வாரம் 'நான் செஞ்சது' காதில் விழவே இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கே பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருவியின் உள்ளே மயிரிழை உயரத்துக்கு ஒரு படி வைத்தார். பிளேடு சரியாக உட்காராவிட்டால் இனி மூடி மூடாது. கணவரை உட்காரவைத்து, "வேணும்னே தப்பா வைங்க" என்றார். இருபது தரம் தப்பாகவே வைத்தார். ஒரு தரம்கூட மூடவில்லை. கொழுந்தன் வந்து பார்த்தார். "சரி அண்ணி, முதல்லேருந்து ஆரம்பிங்க" என்று அவரே சொன்னார். புதுப் பிளேடு, புதுக் கோடு, முதல் சவரம்.

இன்று நூறு. கொழுந்தன் விடிந்ததும் வந்து அண்ணன் கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். எதிர்த்துத் தடவினார். பூதக்கண்ணாடியில் கோட்டைப் பார்த்தார். குடித்தவன் நடை இல்லை; நூல் பிடித்த கோடு. நானும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன்.  கொழுந்தன் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. கடைக்காரங்க காதுல மட்டும் விழுந்துடக் கூடாது."

ஓட்டுநரும் நானும் வெடித்துச் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கொழுந்தனின் விற்பனைப் பையில் கையை விட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். ஒரே ஒரு பிளேடை உருவி, அதில் நேராக ஒரு கோடு கீறி, "தம்பி, உங்க நூறுக்கு இது ஒண்ணு போதும்" என்று மேஜையில் வைத்தார். மிச்சப் பிளேடுகளோடு பாக்கெட்டை மூடி, பழையபடி அவர் பைக்குள்ளேயே போட்டார்.