இடது பின்சக்கரத்து ஒயர்

திங்கட்கிழமை காலை கார் சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது; அணையவே இல்லை. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் சமாச்சாரம், இனி இந்த வண்டியை நம்பக் கூடாது, விற்றுவிடுவோம் என்றார். பழைய கார்தான். என் ஆசிரியர் வேலைச் சம்பளத்தில் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து மறுபடி பஸ். வீரசோழன் தாண்டி இருக்கும் என் பள்ளிக்கு அவர் பார்த்து ஏற்றிவிடும் பஸ்ஸில் போய், அவர் காத்து நிற்கும் பஸ்ஸில் திரும்ப வேண்டும். பத்து நிமிடம் பிந்தினால் காரணம் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் அப்படித்தான் போய்வந்தேன்.

சனிக்கிழமை அவர் திருச்சுழியில் ஒரு கல்யாணத்துக்குப் போனதும் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பந்தல்குடி ரோட்டில் இருக்கும் கார் எலக்ட்ரீசியனிடம் போனேன். இந்த விளக்கு எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும், சடாரென்று மிதித்தால்தான் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்றார். ஸ்கேனரை மாட்டியதும் அது இடது பின்சக்கரத்தைக் காட்டியது. அந்தச் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதன் வேகத்தை அளக்கும் சென்சாரில் மீட்டரை மாட்டி என் கையில் கொடுத்தார். அவர் கையால் சக்கரத்தைச் சுழற்ற, நான் எண்ணைப் படித்தேன். வேகம் கூடக்கூட எண்ணும் ஏறியது. சென்சாரில் பழுதில்லை. சென்சாரிலிருந்து போகும் ஒயரின் மறுமுனையில், பிரேக்கைக் கவனிக்கும் பெட்டியருகே வைத்துப் பார்த்தபோது எண் அசையவில்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் வண்டிக்கு அடியில் படுத்தார்.

அப்போது போன் வந்தது. எங்கே இருக்கிறாய் என்று கணவர் கேட்டார். வீட்டில் என்றேன். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தபடி போனது. உடனே அவர் போனை வைத்துவிட்டார்.

எலக்ட்ரீசியன் கறுப்பு டேப் சுற்றியிருந்த ஒயரை வெளியே இழுத்து, டேப்பைப் பிரித்துக் காட்டினார்.

"எலி கடிச்சா பிஞ்சு பிஞ்சா இருக்கும் டீச்சர். இது பிளேடு வச்சு அறுத்துட்டு மேல டேப் சுத்துனது. யாரு இந்தச் சக்கரத்தக் கழட்டுனது?"

போன ஞாயிற்றுக்கிழமை ஆணி ஏறியிருக்கிறதா பார்க்கிறேன் என்று என் கணவர்தான் கழற்றினார். வெயிலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தெரியலண்ணே. ஒட்டிக் குடுத்துருங்க," என்றேன்.

எலக்ட்ரீசியன் என் முகத்தைப் பார்த்தார். ஒயரைப் பற்றவைத்து முடித்ததும் விளக்கு அணைந்தது. என்னைக் கொல்ல என் கணவர் நினைத்திருக்க மாட்டார். பஸ்ஸுக்குத் திருப்பி அனுப்பத்தான் பார்த்திருக்கிறார். அப்படிச் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும், வண்டியைக் காட்டிச் சரிபண்ணிவிட்டேன் என்றேன்.

"என்னவாம்?"

"ஒயரு அறுந்திருந்துச்சாம்."

"பழைய வண்டில்ல, அறுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். காலையில் போனில் நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் கேட்கவில்லை. பிளேடைப் பற்றி நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காரை எடுத்தேன். நான் தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலில் நின்றார். பள்ளியில் நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. முதல் மணி அடித்து, பிள்ளைகள் வரிசையில் நின்ற பிறகுதான் இறங்கினேன்.