கண்ணாடிக் குளம்

கதிர்காமநாதனின் வலது கைக்கு ஆகஸ்ட் பதினைந்து வரை தவணை கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவன் அவருடைய ஒரே மகன் மிதுஷன். டொரன்டோவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்து, கட்டிலில் கிடந்த தகப்பனுக்கும் அவரைப் பராமரிக்கும் நளீபாவுக்கும் கேட்கும்படி சொன்னான்.

"நான் ஆகஸ்ட் பதினைஞ்சு வாறன், அப்பா. அதுக்கிடையில நீங்கள் உங்கட கையால சாப்பிடத் தொடங்கினால் வீட்டிலயே இருங்கோ. இல்லாட்டி முதியோர் இல்லத்தில இடம் சொல்லி வைச்சிருக்கிறன். ஒரு ஆள் ஊட்டித்தான் சாப்பிட வேணும் எண்டால், அன்ரிக்கு ஒரு காய்ச்சல் வந்தால் நீங்கள் பட்டினி."

பிழையான கதையில்லை என்று நளீபா நினைத்தாள். அழைப்பு முடிந்ததும் கிழவர் அவள் பக்கம் திரும்பினார்.

"உந்த இல்லத்தின்ர பிளான் என்ர மேசைக்கு வந்தது, நளீபா. பன்னிரண்டு கட்டில் போடுற அறைக்கு ரெண்டே ரெண்டு ஜன்னல். நான் திருப்பி அனுப்பினனான். எனக்குப் பிறகு வந்தவன் பாஸ் பண்ணிப்போட்டான். அதுக்குள்ள என்னைக் கொண்டுபோய்ப் போடாதையுங்கோ."

"கொண்டுபோக மாட்டேன்" என்று அவள் சொல்லவில்லை. தன் கையில் இல்லாததை நோயாளிக்குச் சொல்லக்கூடாது என்பது அவள் படித்த பாடம். "கையை நீட்டுங்க சேர், எண்ணெய் பூச" என்றாள்.

நளீபாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, முப்பத்து நாலில் கணவனை இழந்து, பதினொரு வருடம் குவைத்தில் பிறர் வீட்டைக் கழுவியவள். திரும்பி வந்ததும், தன் பாதி வயதுப் பெண்பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து பராமரிப்பாளர் பயிற்சி முடித்தாள். அதற்குப் பிறகு பதினாலு கட்டில்கள் பார்த்திருக்கிறாள். அதில் ஒன்பது பேர் மௌத்து. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, நகம் வெட்டுவது, மருந்தை விழுங்கினாரா என்று வாயைத் திறக்க வைத்துப் பார்ப்பது எல்லாம் அவளுக்குத் தொழுகை மாதிரி. நேரம் தவறாது. வலது முழங்கால் மட்டும் கொஞ்ச நாளாகச் சொன்னபடி கேட்பதில்லை.

மார்ச்சில் வந்த பாரிசவாதம் கதிர்காமநாதனுக்குப் பேச்சை விட்டுவைத்துவிட்டு வலது காலையும் கையையும் எடுத்திருந்தது. விரல்கள் அசைந்தன, ஆனால் எதையும் பிடிக்கவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த றப்பர் பந்தை இடது கையால் எடுத்து ஜன்னல் வழியே எறிந்தார். அது வெள்ளவத்தை ஒழுங்கையில் நின்ற முச்சக்கர வண்டியின் கூரையில் விழுந்தது. ஓட்டுனர் மேலே பார்த்துச் சிங்களத்தில் ஏசிய ஏச்சு மூன்றாம் மாடிவரை கேட்டது.

பந்து சரிவராது என்று தெரிந்ததும் நளீபா ஃபோனில் தேடினாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் பழைய பாத்திரத்தில் மண் போட்டு, பொம்மை வீடு வைத்து, தேவதைக்குத் தோட்டம் செய்துகொண்டிருந்தாள். தேவதையில் நளீபாவுக்கு அக்கறையில்லை. அந்தப் பெண்ணின் விரல்களைத்தான் பார்த்தாள். கிள்ளின, உருட்டின, நுள்ளி வைத்தன. பந்து கொடுக்காத வேலை அத்தனையும் அதில் இருந்தது.

துணி ஊற வைக்கும் பிளாஸ்டிக் பேசினில் சூடாக்கிய கம்பியால் ஓட்டை போட்டாள். அடியில் ஓட்டுத் துண்டுகள், அதன்மேல் தும்புத் தூள், அதன்மேல் மண். மாடிப்படிச் சுவரில் சுரண்டிய பாசி புல்லானது. கடற்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை உப்புப் போக மூன்று தண்ணீரில் கழுவினாள். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டி ஒரு வீட்டையும் நிறுத்தி, கட்டிலோடு மேசையை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் வைத்தாள்.

"உது என்ன?"

"தேவதைக்குத் தோட்டம், சேர்."

"ஆருக்கு?"

"ஃபெயரி. றெக்கை வச்ச சின்னப் பொம்புள."

"உமக்கு விசர். கதவைப் பாரும், கூரையை முட்டுது. வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில ஒரு அடி கூட விடேல்லை. ஆர் உமக்கு இதுக்குப் பெர்மிட் தந்தது?"

முப்பத்து நாலு வருடம் மாநகர சபையில் கட்டட வரைபடம் பார்த்த மனிதர் அவர். நளீபா இதைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நீங்க திருத்துங்க."

அவர் இடது கையை நீட்டினார். அவள் பேசினை மறுபக்கம் இழுத்தாள். "அந்தக் கை கணக்கில்ல. பெர்மிட் தாரது வலக்கைதானே?"

ஏப்ரல் முழுக்கக் கூழாங்கல். பத்துத் தடவை நழுவும், பதினோராவது தடவை நிற்கும். மேயில் பாசியைக் கிள்ளிப் பதித்தார். ஜூனில் தென்னை ஈர்க்கை ஒடித்து இருபத்திரண்டு துண்டு வேலி நட்டார். ஒன்று சரிந்து நின்றது என்று எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட்டார். நடுவில் ஒரு சண்டையும் வந்தது. தோட்டத்துக்குக் குளம் வேண்டும் என்றார் கிழவர்.

"தண்ணி வைக்க ஏலா. நுளம்பு முட்டையிடும், டெங்கு வரும்."

"சிரட்டை அளவுக் குளத்திலயோ?"

"அதுக்குச் சிரட்டையே மிச்சம், சேர். பூச்சட்டித் தட்டைக்கூட நான் கவுத்துத்தானே வச்சீக்கிறேன்?"

தன் பழைய பவுடர் டப்பாவின் கண்ணாடியைக் கழற்றி மண்ணில் பதித்தாள். மின்விசிறி அதில் சுழல்வது தெரிந்தது. கிழவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி, அனுமதி. ஆனா வடிகால் இல்லாமல் பாஸ் பண்ண மாட்டன்" என்றார். விரலால் கானை அவரே கீறினார். சுட்டுவிரலால், நேராக.

மண்ணோடு எறும்பும் வந்தது. மேயில் ஒருநாள் காலையில் மேசையிலிருந்து கட்டிலுக்கு ஒரு கறுப்புக் கோடு போயிருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் அவருடைய இடது குதிகால். அங்கே ஆறிக்கொண்டிருந்த படுக்கைப்புண் ஒன்று இருந்தது. நளீபா பதறவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டினாள். மேசைக்கு நாலு, கட்டிலுக்கு நாலு என்று எட்டு யோகட் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு காலையும் ஒரு கோப்பைக்குள் இறக்கினாள். கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டு அலுமாரியின் கால்கள் தண்ணீர்க் கோப்பையில் நிற்காத வீடு அவள் கண்டதில்லை. எறும்பு நின்றது.

கட்டில் விரிப்பும் மேசை விரிப்பும் தரைவரை தொங்கின. கோப்பைகள் கண்ணில் படவில்லை. வீடு கூட்டும்போது மட்டும் விரிப்பை விலக்கி, தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றினாள். குறையக் குறைய ஊற்றினாள். கொட்டவில்லை.

ஜூலை ஒன்பதாம் திகதி கதிர்காமநாதன் கரண்டியைப் பிடித்து மூன்று வாய் சோறு சாப்பிட்டார். நாலாவது வாய் நெஞ்சில் கொட்டியது. நளீபா துடைத்துவிட்டு, "இன்னும் அஞ்சு கிழமை ஈக்கி" என்றாள்.

"கரண்டியால இல்லை, கையால சாப்பிட்டுக் காட்டுறன் அவனுக்கு. குழைச்சு."

பதினெட்டாம் திகதி காய்ச்சல். மறுநாள் கண்ணுக்குப் பின்னால் நோகுது என்றார். நளீபா பனடோல் தவிர வேறொன்றும் கொடுக்காமல், இரத்தம் எடுக்க ஆளைக் கூப்பிட்டாள். டெங்கு. அன்றே ஆஸ்பத்திரி. குருதித் தட்டுகள் இறங்கிக்கொண்டே போயின. பாரிசவாதத்துக்காகத் தினமும் கொடுத்த அஸ்பிரினை டொக்டர் நிறுத்தினார். கொடுத்தால் உள்ளே இரத்தம் கசியும், நிறுத்தினால் மறுபடி வாதம் வரலாம். எது முதலில் கொல்லும் என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். நளீபாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

நாலாம் நாள் மாற்றுடுப்பு எடுக்க அவள் வீட்டுக்கு வந்தபோது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் பதிந்த ஒவ்வொரு டெங்குக் காய்ச்சலுக்கும் வீடு தேடி வருவார்கள். அவள் பயப்படவில்லை. பல்கனியைக் காட்டினாள், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டைக் காட்டினாள். தோட்டத்தைக் கொஞ்சம் பெருமையோடே காட்டினாள்.

"மே பலன்ன மஹத்தயா, வத்துர நே. கண்ணாடியக்." பாருங்கள் ஐயா, தண்ணீர் இல்லை, கண்ணாடி.

அவர் சிரித்தார். பிறகு குந்தி, விரிப்பைத் தூக்கி, டோர்ச் அடித்தார்.

"மேவா மொனவாத?" இவை என்ன?

"கூம்பின்ட…" எறும்புக்கு என்று சொல்லத் தொடங்கி, நிறுத்தினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளும் குனிந்து பார்த்தாள். எட்டுக் கோப்பையில் ஐந்தில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. வெளிச்சம் பட்டதும் கீழே இறங்கி, மறுபடி மேலே வந்து, தலைகீழாகத் தொங்கின. இரவில் தவறாமல் வலை போட்டிருந்தாள். இந்த நுளம்பு பகலில் கடிக்கும். கட்டிலுக்கு அடியிலேயே பிறந்து, மேலே எழும்ப முடியாமல் கிடந்தவரைக் கடித்திருக்கிறது.

பரிசோதகர் எழுதிய தாளில் கையெழுத்து வைத்தாள். எட்டுக் கோப்பைகளையும் கொட்டி, உரஞ்சிக் கழுவி, நசுக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காய்ச்சல் விட்டது. தட்டுகள் ஏறத் தொடங்கின. அஸ்பிரினை மறுபடி தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த ஒன்பதாம் நாள், மத்தியானச் சோற்றில் கரண்டி அவர் கையிலிருந்து விழுந்தது.

"விளையாட வேணாம், சேர். பிடிங்க" என்றாள்.

பிறகுதான் வாயின் ஓரம் கீழே இழுபட்டிருப்பதைக் கண்டாள். இந்த முறை பேச்சும் போய்விட்டது.

மிதுஷன் சொன்ன நாளிலேயே வந்தான். தகப்பனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, மேசையிலிருந்த தோட்டத்தின் முன் நின்றான். பாசி பழுப்பு நிறமாகியிருந்தது.

"இதுதானே வீடியோவில காட்டுவீங்கள். வேலியெல்லாம் அப்பாவே நட்டவர்?"

"ஓம். மகன், ஒரு விஷயம் சொல்ல ஈக்கி. வாப்பாக்கு டெங்கு வந்தது என்னாலதான். எறும்புக்குக் கோப்பையில தண்ணி வச்சேன். ரெண்டு மாசமாக் கொட்டல்ல. அதுலதான் நுளம்பு ஈந்தது."

அவன் மேசைமேல் குனிந்தான். வேலியில் சரிந்திருந்த ஈர்க்கு ஒன்றை நிமிர்த்தினான்.

"எந்த நுளம்பு எண்டு ஆருக்குத் தெரியும், அன்ரி? கொழும்பு முழுக்க டெங்குதானே."

"எனக்குத் தெரியும்."

"நீங்கள் இல்லாட்டி அவர் ஏப்ரலிலயே…"

"அதையும் இதையும் சேக்க வேணாம், மகன். நான் செஞ்சத நான் சொல்லிட்டேன். உங்களுக்குச் சொல்லாம அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போக ஏலா."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்லத்துக்கு ஃபோன் எடுக்க பல்கனிக்குப் போனான். நளீபா பேசினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, மண்ணைக் கீழ்மாடிப் பூமரத்தடியில் கொட்டினாள். பவுடர் கண்ணாடியைத் துடைத்து, கைப்பையில் போட்டாள்.

இல்லம் பாமன்கடைப் பக்கம். அவள் முதல் முறை பார்க்கப் போனது செப்டெம்பரில். உள்ளே நுழைந்ததும் எண்ணினாள். பன்னிரண்டு கட்டில், இரண்டு ஜன்னல். கதிர்காமநாதனின் கட்டில் இரண்டுக்கும் தூரத்தில் இருந்தது. நகம் வளர்ந்திருந்தது. குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். புண் மறுபடி திறந்திருந்தது. அவர் அவளைப் பார்த்தார். தெரிந்த பார்வையா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

நகவெட்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அவருடைய சின்ன அலுமாரியின் நாலு கால்களும் நாலு யோகட் கோப்பைகளுக்குள் நின்றன. தண்ணீர் பச்சை பிடித்திருந்தது.

ஒவ்வொன்றாக இழுத்து, கொண்டுபோய்க் கழிவறையில் கொட்டினாள். அங்கே வேலை செய்யும் ஆரணி என்ற நடுவயதுப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்னக்கா செய்யிறீங்கள்? எறும்பு வரப்போகுது!"

"வரட்டும். எறும்பு கடிச்சாத் தடவ மருந்து ஈக்கி."

"இல்லத்து மேடம் ஏசுவா."

"ஏசச் சொல்லுங்க. இதுக்கு முன்ன நான் இவருக்கு வச்ச கோப்பையும் இதே மாதிரித்தான். குசினியில உப்பு ஈக்கா? கோப்பையில உப்புத் தண்ணி வச்சா நுளம்பு பெருகாது."

"எவ்வளவு வேணும்?"

நளீபா அறையைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு அலுமாரி, ஒவ்வொன்றுக்கும் நாலு கால்.

"நிறைய" என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டிலடியில் குனிந்தாள்.