இடுக்கில்லாத கதவுகள்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போக வேண்டாம். கதவு செய்து பிழைக்கிறவன், தன் கதவைத் தானே சாத்தி உள்ளே மாட்டிக்கொண்டேன். அதுவும் என்னை மாதிரி ஆளை வாசலில்கூட நிற்கவிடாத ஓர் அறையில்.

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எனக்கும் மச்சானுக்கும் ஒரு தகர ஷெட். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவன் மரம் இழைப்பான், நான் வாடிக்கையாளரிடம் பேசுவேன். புது அடுக்குவீடுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் கதவு வந்த பிறகு என் பேச்சைக் கேட்க ஆளில்லை. அதே பிளாஸ்டிக் கதவு செய்யும் கம்பெனி ஒன்று பூந்தமல்லிப் பக்கம் மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"இந்த ஓட்டல் வேலை நல்லபடியா முடிஞ்சா உன்கூடவே கீறேன் மாமா. இல்லாங்காட்டி நான் போய்க்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டான்.

அவன் போனால் ஷெட்டில் மிஞ்சுவது நானும் இழைக்கிற மெஷினும். எங்கள் இருவரில் வேலை தெரிந்தது மெஷினுக்குத்தான்.

அந்த ஓட்டல், கடலைப் பார்த்த வெள்ளைக்காரர் காலத்து மாளிகை. நடுவில் ஏதோ அரசு அலுவலகமாக இருந்து, பிறகு பூட்டியே கிடந்தது. இப்போது அதைச் சொகுசு ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய தேக்குக் கதவுகள் பழையதாகவே இருக்க வேண்டும், ஆனால் புதிதாகத் தெரிய வேண்டும் என்றார்கள். கழற்றி லாரியில் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள்.

இறக்கி, ஓட்டலில் எடுத்து வந்த நிலைச்சட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு கதவும் அதன் நிலையைவிடக் கொஞ்சம் சிறியது. மாட்டினால் சுற்றிலும் இடுக்கு விழும்.

"இன்னா மாமா இது, பல்லி குடும்பத்தோட உள்ள போவும் போலகீது?"

"கப்பலுக்கு நேரமாயிடுச்சுடா வெள்ளைக்காரனுக்கு. அவசரத்துல அறுத்துட்டான்."

இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த கதவை அதே அளவு நிலையில் மாட்டிச் சாத்துவோம். பிறகு செய்தித்தாளை மடிக்காமல் இடுக்கில் செருகிப் பார்ப்போம். தாள் நுழையாவிட்டால்தான் கதவு தேறியது. அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் பெயரும் அதனால் வந்ததுதான். ஆகவே கதவு ஓரமெல்லாம் தேக்குப் பட்டை ஒட்டி இடுக்கை அடைத்தோம். மரத்தின் நிறம் தெரிய வேண்டும் என்று ஓட்டலில் கேட்டதால், தோல்மேல் தோலாக இருந்த பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் மட்டும் பூசினோம். சித்திரை வெயில், மேலே தகரம். மரம் அப்பளமாகக் காய்ந்திருந்தது. ஒரு கதவிலும் தாள் நுழையவில்லை. நான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கடலோரத்தில் கொண்டுபோய் மாட்டியபோதும் கச்சிதமாகத்தான் உட்கார்ந்தன. பிறகு மழைக்காலம் வந்தது. ஓட்டல் மேலாளர் அம்மா போன் செய்து, கதவுகளெல்லாம் இறுகுகின்றன, உடனே வாருங்கள் என்றார்.

போனோம். மாடியில் ஓர் அறைக்குள் நான் நுழைந்து, "கொஞ்சம் இறுக்கமா இருந்தாத்தான் மேடம் ராஜ மரியாதை" என்று சொல்லிக்கொண்டே, தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்திக் காட்டினேன். சாத்திக்கொண்டது. அவ்வளவுதான்.

"மச்சான், தள்ளுடா."

"தள்ளிகினுதான் கீறேன். நீ இழு."

"கைப்பிடி கையோட வந்துடுச்சு."

வெளியே தள்ளுவது நின்றது. "கதவ சாத்தும்போது இன்னா சொன்ன நீ?"

"ராஜ மரியாதைன்னேன்."

"அனுபவி."

கட்டில் விரிப்பு அவ்வளவு வெள்ளையாக இருந்தது. என் பேண்ட்டில் மரத்தூள் இருக்குமே என்று தரையில் உட்கார்ந்தேன். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல். சத்தம் உள்ளே வரவில்லை. அலை எழுந்து விழுவது மட்டும் தெரிந்தது. பயப்பட வேண்டும், இல்லை வெட்கமாவது படவேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரம் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இடுக்கு எதற்கென்று புரிந்தது. ஈரக்காற்றில் மரம் ஊதும். ஊதினால் இருக்கட்டும் என்று எவனோ விட்டுவைத்த இடம் அது. நாங்கள் அதைத் திருத்தியிருந்தோம்.

கதவுக்கு அந்தப் பக்கமும் அதே நேரத்தில் புரிந்திருக்க வேண்டும்.

"மாமா, இந்தப் பட்டைய நாமதான ஒட்னோம்?"

"ஆமாடா."

பிறகு அவன் உளியை வைத்துத் தான் ஒட்டிய பட்டையைத் தானே பெயர்க்கிற சத்தம்தான் கேட்டது. நன்றாக ஒட்டியிருந்தான். நேரமாயிற்று.

கதவு திறந்ததும் மேலாளர் அம்மா என்னைத் திட்டவில்லை. மரம் மாதிரியே தெரியும் ரெடிமேட் கதவுகள் போட முடிவு செய்துவிட்டார்களாம். எங்கள் கதவுகளை வரவேற்பறைச் சுவரில் அழகுக்காக மாட்டப் போகிறார்களாம்.

"அங்க தொறக்கலன்னு யாரும் குறை சொல்ல மாட்டாங்க மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மச்சானும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை, வாய் மட்டும் பழக்கத்தில் கோணிக்கொண்டது.

மின்சார ரயிலில் கூட்டம் குறைவு. மச்சான் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். ரெடிமேட் கதவைப் பற்றி ஒரு நக்கல் அடித்தேன். வில்லிவாக்கம் போயிற்று. இன்னொன்று சொன்னேன். கொரட்டூர் போயிற்று. கைப்பிடி கீறிய இடம் உள்ளங்கையில் சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை.

அம்பத்தூரில் இறங்கிப் படியேறும்போது, ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி கேட்டேன். "காலைல ஷெட்டுக்கு வந்துருவ இல்ல மச்சான்?"

அவன் பையைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"கம்பெனி பஸ்ஸு ஏழு மணிக்கே வந்துரும் மாமா."