திறக்காத ஒரு கண்

யுத்த காலத்தில், தா.பழூர் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயில் சுவரில் சம்மனசுகளை, அதாவது தேவதூதர்களை, எழுத ஒருவர் வந்தார். கல்லங்குறிச்சிப் பக்கத்து ஆள். பெருமாள் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர். அம்மைத் தழும்பு விழுந்த முகம். எழுதி முடித்த சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சோறு தின்பார்.

நான் அப்போது அங்கே வேதபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். வேதாகமத்தில் ஒரு தீர்க்கதரிசி சம்மனசுகளைக் கண்ட காட்சியை அவருக்கு விவரித்தேன். மனிதன், சிங்கம், எருது, கழுகு என்று நான்கு முகங்கள், கூடவே சக்கரங்கள், சக்கர விளிம்பெல்லாம் கண்கள். அனைத்தையும் எழுதியவர் கண்மணிகளை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்தார். வெள்ளையாக நின்ற அந்த விழிகளைப் பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது.

கடைசி நாள் உச்சி வேளையில், கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு தயங்கி நின்றார்.

"சாமிக்குக் கண்ணு தொறக்கறப்ப நேரா பார்க்கக் கூடாதுங்க. கண்ணாடியில பார்த்துத் தொறந்துட்டு ஒதுங்கிக்குவோம். இது சுத்திலும் பார்க்குதே, எந்தப் பக்கம் ஒதுங்கறது?"

"அது வெறும் அடையாளங்க. கடவுள் கண்ணுக்குத் தப்புனது எதுவும் இல்லைன்னு அர்த்தம்" என்றேன்.

"அதத்தாங்க நானும் சொல்றேன்."

என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வந்தபோது உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"வாசலப் பார்க்கிற கண்ணு ஒண்ண மட்டும் தொறக்கலைங்க. நான் வெளிய வரணும்ல?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார்.

அந்தக் கண் இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது. பூசை நேரத்தில் அதற்கு நேரே உள்ள இடத்துக்குத்தான் போட்டி. அடையாளம் என்று விளக்கம் சொன்ன நான், எல்லோருக்கும் முந்திப் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன்.