டிப்பருக்குப் பூசிய சேறு

பல் செட்டு செய்யும் கூடத்தில் அவளுக்குச் ‘சகதி அக்கா’ என்று பேர். பகலெல்லாம் பொய்ப்பல் வார்க்கிறவள், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கையடக்க மாதிரி வண்டிகளுக்குச் சேறு பூச உட்கார்ந்துவிடுவாள். லாரி, ஜீப், டிராக்டர் என்று மாதிரி வண்டி செய்கிறவர்களில் யார் எதைச் செய்தாலும் சேற்றுக்கு அவளிடம்தான் வர வேண்டும்.

நிஜச் சேற்றை அப்பினால் காரியம் கெட்டுவிடும். அந்தச் சின்ன வண்டிக்கு ஒரு மணல் பருக்கை பாறாங்கல் மாதிரித் தெரியும். அதனால் செங்கல் பொடியை டீ வடிகட்டியில் சலித்து, பல் அச்சுக்கு வாங்கும் பிளாஸ்டர் மாவோடு பசை விட்டுக் குழைப்பாள். காய்ந்த பழைய சேறு வெளுப்பாக அடியில். ஈரச் சேறு கறுப்பாக அதன்மேல். அப்புறம் தூரிகையில் தோய்த்து, ஸ்ட்ராவால் ஊதித் தெறிக்க விடுவாள்.

“வாசல்ல சேறு பட்டா என்னைத் திட்டுற, உள்ள உக்காந்து நீயே கிண்டுற. வடிகட்டியக் குடுத்தா நான் டீ போடுவேன்” என்பார் கணவர். அவருக்கென்று தனி வடிகட்டி வாங்கி வைத்ததோடு அந்த வழக்கு முடிந்தது.

முடியாத வழக்கு அண்ணனோடுதான். அண்ணன் கல் குவாரியில் சொந்த டிப்பர் ஓட்டியவர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி வண்டி கூடாது என்றார் டாக்டர். இவளும் அண்ணியும் பேசி, அவர் வீடு திரும்புவதற்குள் டிப்பரை விற்றுவிட்டார்கள். அதிலிருந்து “வா”, “சாப்டியா” தவிர அவளிடம் அவருக்குப் பேச்சில்லை. கூடப் பிறந்தவர் இப்படி முகம் கொடுக்காமல் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. அந்த டிப்பரையே செய்து கொண்டுபோனால் மனுஷன் பேசாமல் எங்கே போவார் என்று களத்தில் இறங்கினாள்.

முன் பம்பரின் நசுங்கல்கூடத் தப்பவில்லை. குவாரியிலிருந்து வந்து தார் ரோட்டில் நிற்கிற மாதிரி ஒரு பலகைமேல் வண்டியை ஒட்டினாள். இதுவரை பூசியதிலேயே இதுதான் உசத்தி என்ற நினைப்போடு, லீவு நாளில் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“சேறு தப்பு” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. “எங்க தப்பு?”

“நிக்கிறது தார் ரோடு. டயர் தரையில படுற எடத்துல இவ்வளவு சேறு எப்படி இருக்கும்? கொஞ்ச தூரம் ஓடினாலே உதிர்ந்திருக்குமே.”

குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். தெறிப்பில் காட்டிய கவனத்தில் டயரைக் கோட்டை விட்டிருந்தாள். கோபமெல்லாம் தன்மேல் திரும்ப, சரிசெய்யும் சாமான்களோடு கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஊசியை எடுத்துச் சுரண்டப் போனாள். அண்ணன் கையை வைத்து மறித்தார்.

“டயரைத் தொடாத. ரோட்டை எடு.”

“ரோடு நல்லாத்தானே இருக்கு?”

“ரோட்டுல நின்னா வேலை முடிஞ்சு வந்துட்ட மாதிரி இருக்கு. அது குவாரியிலயே ஓடட்டும். வீட்டுக்கு வந்தது நான் ஒருத்தன் போதும்.”

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். “வித்தது தப்புங்கிறியாண்ணே?”

“விக்க வேண்டியதுதான். ஆனா என்னோட வண்டி அது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

அண்ணி அடுப்படிப் பக்கம் நகர்ந்துவிட்டாள். இவளுக்கு நகர இடமில்லை.

“கேட்டிருக்கணும். தப்புதாண்ணே” என்றாள்.

அண்ணன் பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பலகையிலிருந்து வண்டியைப் பக்குவமாகப் பெயர்த்தெடுத்தாள். பையிலிருந்த மாவையும் செங்கல் பொடியையும் கொட்டி, பசை விட்டுக் குழைத்து, தார் ரோடு முழுவதையும் மூடினாள். வண்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“எங்க நிறுத்தணும்னு நீயே சொல்லுண்ணே.”

அண்ணன் அதை ஈரச் சேற்றில் வைத்து, சக்கரம் பாதி புதையும்வரை அழுத்தினார்.