ஆமத்தூரில் யாரும் எடுக்காத போன்

பட்டாசுக் கம்பெனி, அச்சாபீஸ், சிவகாசியில் மாடி வீடு எல்லாம் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் தனியாளாய்க் கட்டியவை. விருதுநகரிலிருந்து திரும்பும் வழியில் ஆமத்தூர் டீக்கடையில் நிற்கிறேன். வெளிநாட்டு உதவியில் போட்ட குடிநீர்க் குழாயைப் பற்றிச் செல்போனில் ஊர்க்கருத்துக் கேட்கும் அதிகாரி அங்கே என்னிடம் அலுத்துக்கொள்கிறார்.

"பகலெல்லாம் கூப்பிட்டேன், யாரும் எடுக்கல. குறையில்லைன்னு எழுதிடப் போறேன்."

"இந்த ஊர்ச் சனம் பகல்ல எங்க கம்பெனியிலதான். பட்டாசு மருந்து வேலைக்கு வர்றவுக போனை கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சிருவோம். சாயங்காலம் கம்பெனி வேன் வரட்டும், கேளுங்க" என்கிறேன்.

வேன் வருகிறது. இறங்கும் பெண்ணிடம் குழாயைப் பற்றி நானே கேட்கிறேன்.

"காத்து நல்லா வருது அண்ணாச்சி, தண்ணிதான் வரல. இம்புட்டு நாளா எங்கள எவுக கேட்டாக?"

அதிகாரி எழுதிக்கொள்கிறார். இனிமேல் வேன் திரும்பிய பிறகே கூப்பிடுவாராம். சந்தோஷம். அந்த யோசனை என்னுடையது. அறிக்கையில் என் பெயர் முழுதாக வர வேண்டும்.